வரனும் வரமும்: வாசகர் கேள்வி பதில்

கல்யாணம் ஆகாமல் கர்த்தருக்கு ஊழியம் செய்வதைப் பற்றி இந்த மாதம் எட்டுக் கடிதங்கள் வந்தன. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்தவை. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டோம். மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 34. திருமணம் ஆகவில்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் சபையில் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கு, ஆல்டர் (பலிபீட) பூ, வீட்டு ஜெபக்கூட்டம், மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) எல்லாம் என் தலையில். "உனக்கென்ன, புள்ளையா குட்டியா?" என்கிறார்கள். நிதானமாக உட்கார்ந்து ஜெபித்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு வேலையை மறுத்தால் அது ஊழியத்தை மறுத்த பாவமா?

பதில்: இல்லை, சகோதரி. இப்போதைய நிலையில் மறுக்காமல் இருப்பதுதான் தவறாகப் போகும்.

மணமாகாதவர்களைப் பற்றிப் பவுல் எழுதும் 1 கொரிந்தியர் 7:35இல் நம் பழைய மொழிபெயர்ப்பு "கவலையில்லாமல்" என்கிறது. கிரேக்கத்தில் அந்தச் சொல் 'அபெரிஸ்பாஸ்டோஸ்'. நாலு பக்கமும் இழுபடாமல் என்று அதற்குப் பொருள். அதே வேரில் பிறந்த வினைச்சொல் லூக்கா 10:40இல் வருகிறது. அங்கே அது இழுபட்டுப்போன மார்த்தாளின் நிலையைச் சொல்கிறது. மார்த்தாளுக்குப் புருஷன் இருந்ததாகவோ பிள்ளைகள் இருந்ததாகவோ வேதத்தில் எங்கும் இல்லை. ஆகவே குடும்பம் இல்லாமலேயே ஒருவர் பிய்ந்துபோக முடியும், அதுவும் இயேசு உட்கார்ந்திருக்கிற வீட்டிலேயே. தனியாளின் ஒருமனதைத் தின்பது கல்யாணம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிப்பதில்லை.

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். பள்ளியும் பஸ்ஸும் நாளைக்கு 10 வீதம் ஐந்து நாளுக்கு 50. தூக்கம் 49. சமையல், துணி, தண்ணீர், கடை எல்லாம் 17. குளியலும் சாப்பாடும் 10. நோட்டுத் திருத்த 8. மொத்தம் 134 போக மீதி 34. இனி சபை. ஞாயிறு ஆராதனை 3, ஞாயிறு பள்ளி தயாரிப்போடு 5, பாட்டுப் பயிற்சி 3, சங்கக் கூட்டம் 3, கணக்கு 3, பூவும் விரிப்பும் 2, இரண்டு வீட்டு ஜெபம் நடையோடு 5, வீடு சந்திப்பு 4. இது 28. மிஞ்சுவது 6 மணி. அதற்குள்தான் உங்கள் தனிஜெபம், வேத வாசிப்பு, காய்ச்சல், தோழியின் போன், ஊரிலிருந்து வரும் அம்மா எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. வி.பி.எஸ். வரும் மாதத்தில் இந்த ஆறும் போய்விடும். மாதக்கணக்கில் ஜெபம் விட்டுப்போனதற்குக் காரணம் பக்திக் குறைவு என்று உங்களை நீங்களே குற்றப்படுத்தாதீர்கள். அந்தத் தாளைப் பாருங்கள்.

பிறகு ஒரு பிரதான வேலை, ஒரு துணை வேலை என்று இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரதான வேலை உங்களுக்கு வரம் இருக்கிற வேலையாக இருக்கட்டும். ஆசிரியை என்பதால் அது ஞாயிறு பள்ளி என்று மற்றவர்கள் முடிவு செய்திருப்பார்கள். வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஞாயிறும் அதே சத்தத்தில் நிற்க உங்களுக்கு மனமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். துணை வேலை வாரத்துக்கு மூன்று மணிக்கு மேல் போகாததாக இருக்கட்டும்.

மீதியை விடும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தால் சபை இரண்டாகப் பேசும், நீங்களும் குற்ற உணர்ச்சியில் மூன்றாம் வாரம் திரும்பிப் போவீர்கள். சங்கக் கணக்கை மார்ச் 31இல் முடித்துக் கொடுங்கள். ரொக்கப் புத்தகம், வவுச்சர் கட்டு, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டை, பாஸ்புக் ஆகியவற்றைப் பட்டியல் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை சங்கப் பணம் ஒரு ரூபாயும் உங்கள் வீட்டு அலமாரியில் தங்க வேண்டாம். தனியாக வசிப்பவர் மேல் பணச் சந்தேகம் விழுந்தால் சாட்சி சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ஞாயிறு பள்ளியை விடுவதானால், வகுப்பை ஒப்படைக்க மூன்று மாதம் பிடிக்கும். முதல் மாதம் புதியவர் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் பாட்டும் மனப்பாட வசனமும் அவர், பாடம் நீங்கள். மூன்றாம் மாதம் முழுவதும் அவர், நீங்கள் கடைசி பெஞ்சில். நான்காம் மாதம் அந்த அறைக்குள்ளேயே போகாதீர்கள். பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று ஓடிப்போய் அடக்கினீர்களானால் அந்தப் புதியவர் அன்றோடு விலகிவிடுவார், வேலை மறுபடி உங்களுடையதாகும். பெரும்பாலான சபைகளில் ஒப்படைப்பு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

புது வேலையோடு போதகர் வந்தால் "முடியாது" என்று ஆரம்பிக்க வேண்டாம். "ஐயா, இதை எடுத்தால் எதை விடட்டும்?" என்று கேட்டு அந்தத் தாளை நீட்டுங்கள். தீர்மானம் அவருடையதும் ஆகிவிடும்.

வேத வாசிப்புக்கும் கணக்கு உண்டு. வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23, ஆண்டுக்குள் முடியும். விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்ற பிடிவாதம் டிசம்பர் உறைபனியில் நாலு நாள் தாங்காது. கம்பளிக்குள் ஜெபித்தால் தூக்கம்தான் வரும். பள்ளி விட்டு வந்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் 25 நிமிடம், போன் அடுத்த அறையில், கதவு சாத்தி. இது நிற்கும்.

கேள்வி: கூடலூர் எஸ்டேட் ஆபீஸில் வேலை. வயது 26. போன கன்வென்ஷனில் கடைசி இரவு கை உயர்த்தி, சாகும்வரை திருமணம் செய்ய மாட்டேன் என்று பொருத்தனை பண்ணிவிட்டேன். இப்போது குழப்பமாக இருக்கிறது. மணமாகாமல் வாழும் வரம் எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தம்பி, பவுல் இந்த விஷயத்தில் எவ்வளவு தயங்கி எழுதுகிறார் என்று கவனியுங்கள். கர்த்தரிடத்திலிருந்து கட்டளை இல்லை, என் யோசனையைச் சொல்கிறேன் என்கிறார் (1 கொரிந்தியர் 7:25). உங்களைக் கண்ணியில் மாட்ட இதைச் சொல்லவில்லை என்கிறார் (7:35). விவாகம் பண்ணினாலும் பாவமில்லை (7:28), வேகிறதைவிட அது நலம் (7:9). மத்தேயு 19:12இல் ஆண்டவரும் ஏற்றுக்கொள்ள வல்லவனுக்கே அதை விடுகிறார். பவுலும் கட்டளையிடாத ஒன்றை, மைக் முன்னால் ஒருவர் ஐந்து நிமிடப் பாட்டுக்குள் உங்களிடம் வாங்கியிருக்கிறார்.

கத்தோலிக்கரிடம் இதில் நாம் கற்க வேண்டியது உண்டு. எஃப்.எம்.எம். (மரியாளின் பிரான்சிஸ்கன் மிஷனரிகள்) சகோதரிகளின் சபை ஊட்டியிலிருந்து 1877இல் ரோமாபுரியின் அனுமதியோடு பிறந்தது. அப்படிப்பட்ட துறவற சபை எதிலும் இன்றைய திருச்சபைச் சட்டப்படி, நவசந்நியாசம் என்னும் தொடக்கப் பயிற்சி குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) குறைந்தது மூன்று ஆண்டு, வழக்கமாக ஆறு வரை, தேவைப்பட்டால் ஒன்பது வரை. 21 வயது முடியாமல் நிரந்தர வார்த்தைப்பாடு கிடையாது. அதாவது மணம் புரியாமையை இருபது நூற்றாண்டாகப் பழகிய சபையே நாலு வருஷம் சோதித்துப் பார்க்காமல் ஒருவரை ஆயுளுக்குக் கட்டுவதில்லை. நம் பந்தலில் ஒரே ராத்திரி!

செய்த பொருத்தனைக்கு என்ன வழி? பொருத்தனையைத் தாமதியாமல் செலுத்து என்கிற பிரசங்கி 5:4ஐக் காட்டிப் பயமுறுத்துபவர்கள், லேவியராகமம் 5:4 முதல் 6 வரையும் வாசிக்க வேண்டும். யோசிக்காமல் பதறி ஆணையிட்டவன் அதை அறிக்கையிட்டுப் பாவநிவாரண பலி செலுத்த அங்கே வழி இருக்கிறது. உங்கள் போதகரிடமும், நம்பிக்கையான ஒரு மூப்பரிடமும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ஆயுளுக்கு என்பதை அவர்கள் முன்பாக "இரண்டு வருஷத்துக்கு" என்று மாற்றி, தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வருஷமும் பெண் பார்ப்பதில்லை என்று அப்பா அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். காரணத்தை அவர்களுக்குச் சொல்லாமல், வரும் சம்பந்தங்களை எல்லாம் தட்டிக்கழிப்பது நேர்மையல்ல. மேடையில் சாட்சியாக மட்டும் சொல்லாதீர்கள். கைதட்டு வாங்கிய தீர்மானத்தை மாற்றுவது கஷ்டம்.

அந்தக் காலத்தில் எதைப் பார்ப்பது? சிநேகிதனின் கல்யாணத்தில் உண்மையாகச் சந்தோஷப்பட முடிகிறதா. ஆசை வரும், வந்தால் அதோடு போராடி அடுத்த நாள் வேலைக்குத் திரும்ப முடிகிறதா, இல்லை நாள்முழுதும் அதுவே வேகவைக்கிறதா. ஊழியத்தில் பொறுமை கூடுகிறதா, எரிச்சல் கூடுகிறதா. காதல் தோல்வி, தங்கை கல்யாணக் கடன், பெண்கள் மேல் வெறுப்பு, பொறுப்புக்குப் பயம் ஆகிய நாலும் வரத்தின் அடையாளம் அல்ல. நாலில் ஒன்று உங்களுக்கு இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். இரண்டு வருஷ முடிவில் கல்யாணம் என்று தெரிந்தால் தலை குனியத் தேவையில்லை.

கேள்வி: குன்னூர். எனக்கு 38. கல்யாணம் வேண்டும் என்றுதான் இருந்தேன், இன்னமும் இருக்கிறேன். வரன் அமையவில்லை. சபையில் பெரியவர்கள் "கர்த்தர் உனக்குத் தனிமை வரம் கொடுத்திருக்கிறார்" என்கிறார்கள். வரனும் இல்லாமல் வரமும் இல்லாமல் ஊழியம் செய்தால் அது முழுமனதா?

பதில்: வரன் வராததையே வரம் என்று பெயர் மாற்றி உங்கள் கையில் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வரம் என்பது அவனவனுக்குத் தேவன் கொடுப்பது (1 கொரிந்தியர் 7:7). மூப்பர்கள் அடுத்தவருக்கு எழுதிக்கொடுக்கும் சர்டிபிகேட் அல்ல அது.

லூக்கா 2இல் வரும் அன்னாளைப் பாருங்கள். அவள் தனியாக இருக்கத் தேர்ந்தெடுத்தவள் அல்ல. ஏழு வருஷத்தில் புருஷன் செத்துப்போனான். ஆனால் தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்தது அவள் தேர்ந்தெடுத்தது. நிலைமை அவளைக் கேட்டு வரவில்லை, அந்த நிலைமைக்குள் நேரத்தை எங்கே வைப்பது என்பது அவள் கையில் இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்காக ஜெபித்துக்கொண்டே முழுமனதோடு ஊழியம் செய்யலாம். இரண்டும் ஒரே ஜெபத்தில் இருக்கலாம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு: வாழ்க்கையை வெயிட்டிங் லிஸ்டில் போடுவது. "கல்யாணத்துக்குப் பிறகு" என்று தள்ளிவைத்தவற்றை எழுதிப் பாருங்கள். நல்ல குக்கர், சொந்தக் கட்டில், இறையியல் படிப்பு, தபால்வழி வேதபாடம், ஒரு குழந்தையின் பள்ளிச் செலவை ஏற்பது. அதில் ஒன்றை இந்த மாதமே ஆரம்பியுங்கள். ஏசாயா 56:3இல், தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளையில்லாத அண்ணகனிடம் (ஆண்மை நீக்கப்பட்டவனிடம்) சொல்லப்படுகிறது. அடுத்த இரண்டு வசனங்களில் கர்த்தர் அவனுக்குக் குமாரர் குமாரத்திகளைவிட மேலான பெயரையும் தம் ஆலயத்துக்குள் இடத்தையும் வாக்குத்தத்தம் பண்ணுகிறார். உங்கள் பெரியவர்கள் ஆறுதல் சொல்ல விரும்பினால் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டட்டும்.

கேள்வி: "எப்ப கல்யாண சாப்பாடு?" என்று ஆராதனை முடிந்ததும் வாசலில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: "பசிக்குதா மாமா? வீட்டுக்கு வாங்க, இன்னைக்கே போடுறேன்." சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். மூன்றாம் தடவை கேட்க மாட்டார்கள்.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் சுவிசேஷகராக இருக்கிறேன். வயது 39, தனியாள். சிறிய ஊழிய ஸ்தாபனம், மாதச் சம்பளம் சொற்பம், பி.எஃப். கிடையாது. வயதான பிறகு யார் பார்ப்பார்கள் என்று பயம். சேமிப்பது விசுவாசக் குறைவு என்கிறார் எங்கள் மேலாளர்.

பதில்: உங்கள் மேலாளருக்குப் பெரும்பாலும் மனைவியும் பிள்ளைகளும் இருப்பார்கள். கொரிந்துவில் பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார் (அப்போஸ்தலர் 18:3). நாளைக்குச் சபைக்குப் பாரமாகாதபடி இன்றே கொஞ்சம் ஒதுக்குவதும் ஊழியத்தைக் காக்கிற வேலைதான்.

உங்கள் வயதில் அவசரம் அடல் பென்ஷன் திட்டம். சேரும் வயது 18 முதல் 40 வரை. வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் 1 முதல் அதில் சேர முடியாது. உங்கள் சம்பளத்துக்கு அது தடையாக இராது. 39 வயதில் சேர்ந்தால், 60க்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் பென்ஷனுக்கு மாதம் 1,318 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு வருஷம் தள்ளினால் 1,454. அது முடியாவிட்டால் 1,000, 2,000 பென்ஷனுக்கான சிறிய தவணையும் உண்டு. சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும். மேல்மலையில் சிக்னல் இல்லாமல், கணக்கில் பணம் குறைந்ததே தெரியாமல் தவணை தவறுவது சகஜம். ஆகவே இரண்டு தவணைத் தொகை எப்போதும் மிச்சம் இருக்கட்டும். 5,000 ரூபாய் இருபது வருஷம் கழித்து எவ்வளவு வாங்கும் என்பது வேறு விஷயம். அதனால் தபால் நிலையத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஒன்றும் தொடங்குங்கள். வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், 15 வருஷத்தில் முதிரும்.

மருத்துவக் காப்பீட்டை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம். சர்க்கரை வந்த பிறகு எடுத்து, அதை மறைத்தும் எழுதி, பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்று அழுவதில் பயனில்லை.

உயில். இதைத் தனியாட்கள் கிட்டத்தட்ட எல்லாருமே தள்ளிப்போடுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவி மக்கள் இல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தகப்பனார் உயிரோடிருந்தால் சொத்து முழுவதும் அவருக்கு. தகப்பனார் இல்லை, தாயும் உடன்பிறப்புகளும் இருந்தால் தாய்க்கும் ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் சம பங்கு. அம்மாவுக்கே எல்லாம் போகும் என்று நினைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். பாங்கில் நாமினி போட்டிருக்கிறேனே என்றால், நாமினி பணத்தைப் பெற்று வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்ல. உயில் வெள்ளைத் தாளில் போதும், பதிவு கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிலில் ஏதாவது பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. சபைக்கோ ஊழியத்துக்கோ எழுதிவைக்க விரும்பினால், அண்ணன் தம்பி பிள்ளைகள் இருப்பவர்களுக்குச் சட்டத்தின் 118ஆம் பிரிவில் முன்பு பெரிய தடை இருந்தது. சாவுக்கு ஒரு வருஷம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றது அது. 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னமும் அதைச் சொல்லிக் குழப்புவார்கள்.

பணமல்லாத ஒன்றும் உண்டு. தனி வீட்டில் குளியலறையில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவருக்கு மிஸ்டு கால். எட்டு மணிவரை வரவில்லை என்றால் அவர் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி. குளிருக்குக் கரி அடுப்பைப் படுக்கை அறைக்குள் கொண்டுவராதீர்கள். கதவு ஜன்னல் அடைத்த அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர் எழுவதில்லை. மலையில் இது புதுச் செய்தி அல்ல. ஆனாலும் தனியாட்களே அதிகம் மறக்கிறார்கள், எழுப்ப ஆளும் இல்லை.

கேள்வி: கொடைக்கானல். அம்மாவுக்குப் பக்கவாதம். மூத்த மகள் நான், திருமணம் ஆகவில்லை. அண்ணன் தம்பிகள் மதுரையிலும் சென்னையிலும். "உனக்குத்தான் குடும்பம் இல்லையே, நீ பாரு" என்கிறார்கள். ஊழியத்துக்கு வந்த அழைப்பை விட்டுவிட்டேன். ஊழியமா, அம்மாவா?

பதில்: "ஊழியத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன்" என்று பெற்றோருக்குச் செய்வதை நிறுத்தியவர்களை ஆண்டவர் கண்டித்தார் (மாற்கு 7:11). சிலுவையில் தொங்கும்போதே தம் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார் (யோவான் 19:26, 27). ஆகவே அம்மாவைப் பார்ப்பது ஊழியத்துக்கு எதிரி அல்ல. ஆனால் "குடும்பம் இல்லாதவள்" என்று உங்களைச் சொல்லிவிட்டு ஒரு குடும்பப் பொறுப்பு முழுவதையும் உங்கள் மேல் சுமத்துகிறார்களே, அந்தக் கணக்கு இடிக்கிறது. தன் வீட்டாரை விசாரிக்க வேண்டும் என்கிற 1 தீமோத்தேயு 5:8 மகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்திலும் மகன் மகள் எல்லாருக்கும் கடமை உண்டு. சட்டத்தை முதல் பேச்சிலேயே எடுக்க வேண்டாம், தெரிந்து வைத்திருங்கள்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தீர்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், மருந்து என்ன செலவு, ஆஸ்பத்திரிக்கு இறங்கிய நாள் எத்தனை. மதுரைக்கு 120 கிலோமீட்டருக்குப் பக்கம், போய்வர ஒரு நாள் போச்சு. அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். "கஷ்டமா இருக்கு" என்றால் "ஜெபம் பண்றோம்" என்று பதில் வரும். எண்களுக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. கேட்பதும் திட்டமாக இருக்கட்டும். அண்ணன் பகல்நேர உதவியாளர் ஒருவரின் சம்பளம். தம்பி மருந்தும் டாக்டர் செலவும். இருவரும் வருஷத்துக்கு இரண்டு வாரம் வீதம் வந்து தங்கிப் பார்ப்பது; தேதிகளை ஜனவரியிலேயே காலண்டரில் வட்டமிட வேண்டும். "லீவு கிடைக்கும்போது வரேன்" என்பது வராததற்குச் சமம். அந்த நான்கு வாரத்தில் வீட்டிலேயே இருந்து அவர்களுக்குச் சமைத்துப் போடாதீர்கள். வெளியே போங்கள். அவர்கள் செய்து பார்த்தால்தான் தெரியும்.

வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலை அடைபடும். அக்டோபர் தொடங்கும்முன் ஒரு மாத மருந்து கையிருப்பில் இருக்கட்டும். விட்டுவிட்ட அழைப்பைப் பற்றி: அழைத்தவர்களிடம் பகுதி நேரமாக, வீட்டிலிருந்தே செய்யும் வேலை உண்டா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு, பாடம் திருத்துதல், போனில் விசாரிப்பு. பலரும் கேட்பதேயில்லை.

கேள்வி: பந்தலூர் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மாலையில் ஜெபக்கூட்டம் நடத்துகிறேன். தனியாள், ஆண். என்ன எச்சரிக்கை வேண்டும்?

பதில்: ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார் (மாற்கு 6:7). நீங்களும் தனியாகப் போகாதீர்கள். பெண் தனியாக இருக்கும் வீட்டில் திண்ணையோடு நின்று ஜெபித்துவிட்டு வாருங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பெண்களிடமிருந்து வரும் ஜெபக்குறிப்புக்கு வாட்ஸ்அப்பில் பதில் வேண்டாம். அதைச் சபையிலுள்ள ஒரு மூத்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதையும் அவரிடம் மறுநாள் காலை சொல்லுங்கள். ஊழியக்காரர்கள் விழுவது பெரும்பாலும் நடு ராத்திரி ஆறுதல் வார்த்தையில்தான். காணிக்கையை அங்கேயே இரண்டு பேர் எண்ணி எழுதட்டும். கூட்டம் இருட்டுமுன் முடிய வேண்டும். உங்கள் பக்கத்தில் யானை, கோத்தகிரி பக்கம் என்றால் கரடியும் காட்டுமாடும். தேயிலைச் செடி இடுப்பளவு நிற்கும், பின்னால் இருப்பது தெரியாது. "கர்த்தர் காப்பார்" என்று குறுக்குப் பாதையில் இறங்குவதற்கு மத்தேயு 4:7இல் பதில் இருக்கிறது: கர்த்தரைப் பரீட்சை பாராதே.

கேள்வி: குன்னூர் அருகே ஒரு சபையின் கமிட்டிச் செயலாளர். எங்கள் சபையில் முப்பது வயதைத் தாண்டிய தனியாட்கள் ஒன்பது பேர். அவர்களுக்கென்று தனி ஐக்கியம் தொடங்கலாமா?

பதில்: தொடங்குமுன் அவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் இன்னொரு கூட்டம் அவர்களுக்கு வேண்டாம். சாப்பிட ஒரு மேசை வேண்டும்.

மணமாகாத பவுல் கொரிந்துவில் தங்கியது ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் தம்பதி வீட்டில். ரோமர் 16:13இல் ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். வேலூர் மருத்துவமனையைக் கட்டிய ஐடா ஸ்கடர் கல்யாணம் செய்யவில்லை. ஆனால் கெர்ட்ரூட் டாட் என்ற தோழி பல ஆண்டுகள் அவருடன் வாழ்ந்து உழைத்தார். ஓய்வுக்குப் பின் ஐடா கொடைக்கானலில் குடியிருந்து 1960இல் அங்கேயே இறந்தார். ஏமி கார்மைக்கேலும் டோனாவூரில் ஒரு பெரிய வீட்டுக்கே அம்மாவாக இருந்தார். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஜேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் இருவராகத்தான் தொடங்கினார்கள். தனியாளாக நிலைத்து நின்றவர்கள் தனிமையில் நிற்கவில்லை. இவர்களின் படத்தை மிஷனரி ஞாயிறன்று மாட்டுகிறோம், நம் சபைத் தனியாள் ஞாயிறு மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை.

ஒன்பது பேருக்கு ஒன்பது வீடுகள் பார்த்து, வாரத்தில் ஒரே கிழமை, ஒரே வேளை என்று நிச்சயியுங்கள். "எப்ப வேணும்னாலும் வாங்க" என்ற அழைப்பில் யாரும் வந்ததில்லை. வியாழன் ராத்திரி என்றால் ஒவ்வொரு வியாழனும். விருந்து வேண்டாம், கஞ்சியும் துவையலும் போதும். வந்தவர் வெங்காயம் உரிக்கட்டும், பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பார்க்கட்டும். பிரியாணி போட ஆரம்பித்தால் மூன்றாம் மாதம் அந்த வீட்டு அம்மா களைத்துப்போவார், ஏற்பாடும் நின்றுபோகும்.

ஆராதனையில் குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசித்து ஜெபிக்கும் வழக்கம் இருந்தால் அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொரு வீடாகவே வாசியுங்கள். கடைசியில் "மற்றும் தனிநபர்கள்" என்று அள்ளிப் போடாதீர்கள். பிரசங்கத்தில் அவர்களைப் பார்த்துக் கல்யாண ஜோக் வேண்டாம் என்று போதகரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை முடிந்து யார் யார் வீட்டுக்குப் போகிறார் என்பதை நவம்பரிலேயே பேசிவிடுங்கள். அன்று ராத்திரி ஒரு மணிக்கு இருட்டில் தனியாகக் கதவு திறப்பதுதான் ஆண்டு முழுவதிலும் அவர்களுக்குக் கடினமான நிமிஷம்.

ஆஸ்பத்திரிப் பட்டியல் ஒன்றும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர்: அட்மிட் ஆனால் கையெழுத்துப் போடுபவர், ராத்திரி துணைக்கு இருப்பவர். பெண்களுக்குப் பெண்களாகவே போடுங்கள். இரத்த வகை, காப்பீட்டு எண், உடன்பிறந்தவரின் போன் நம்பர் ஆகியவற்றோடு ஒரு பிரதி போதகரிடம், ஒன்று செயலாளரான உங்களிடம். வீடு திரும்பும் நாளில் சோறு யார் வீட்டிலிருந்து என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.